பங்க் ராக் இசை: புதிதாகக் கேட்பார்க்கு ஒரு வழி

ஓர் இசையை முதன்முறை கேட்பவர்க்கு அதன் உள்ளம் புலப்படுவதில்லை. ஓசை மட்டுமே புலப்படுகின்றது. பழகிய செவிக்கு இனிமையாக இருப்பது பழகாத செவிக்கு இரைச்சலாகத் தோன்றுதல் உலக இயல்பு. மேனாட்டு இசை வகைகளுள் இவ்வுண்மைக்குத் தலையாய எடுத்துக்காட்டாக விளங்குவது 'பங்க் ராக்' எனப்படும் இசையாகும். இற்றைக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகட்கு முன்னர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்த இவ்விசையைப் பற்றிக் கேள்வியுற்ற இளைஞர் பலர், கையில் அகப்பட்ட ஒரு பாட்டை முதலிற் கேட்டு, 'இஃது இரைச்சல்' என்று கைவிட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ கிழிந்த சட்டையும் அதிற் குத்திய ஊக்குமே பங்க் என எண்ணிப் புறக்கோலத்தோடு அமைந்துவிடுகின்றனர். இரு சாராரும் இழப்பது ஒன்றே. அவ்விசை சொல்ல வந்த செய்தியை அவர்கள் இழக்கின்றனர்.

அச்செய்தி யாது? சொல்வதற்கு ஒன்றை உடையவர், நிரம்பிய பயிற்சி வரட்டும், மேலோர் இசைவு கிடைக்கட்டும் என்று காத்திராமல், தம் சொந்தக் குரலில், தம் தெருவின் மொழியில் அதனைச் சொல்லலாம் என்பதே. எதனை முன்னர்க் கேட்பது, எதனைப் பின்னர்க் கேட்பது என்னும் முறை தெரிந்தால் இச்செய்தி தானே விளங்கும். அந்த உரிமையைப் பெற்றவர்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்னும் கேள்வியும் உடன் எழும்.

பெயரும் சூழலும்

'பங்க்' என்பது பழைய ஆங்கிலச் சொல். சேக்சுபியர் காலத்தில் அது விலைமகளைக் குறித்தது. பின்னர் அமெரிக்காவில் உதவாக்கரை, தெருப்போக்கிரி என்னும் பொருள்களைப் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசைத் திறனாய்வாளர் சிலர், பயிற்சி குறைந்த இளைஞர்களின் முரட்டு இசைக்கு இப்பெயரை வழங்கினர். வசையாக வந்த சொல்லையே பின்வந்தோர் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர்.

1960களில் ராக் இசை இளைஞரின் ஆட்ட இசையாக இருந்தது. இரண்டரை நிமிடப் பாட்டு, எளிய தாளம், அண்டை வீட்டுப் பிள்ளையும் பழகக்கூடிய கிதார் என்பவையே அதன் உறுப்புகள். 1970களின் தொடக்கத்தில் நிலை மாறிற்று. சில குழுக்களின் ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. மேடையில் விலையுயர்ந்த மின்கருவிகள் மலைபோற் குவிந்தன. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே பெரிய விளையாட்டரங்கின் தொலைவு வந்துற்றது. அக்காலத்து இசையில் உயர்ந்த படைப்புகள் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஓர் ஏழை இளைஞன் அதனைக் கேட்டு வியக்கலாமேயன்றித் தானும் அவ்வாறு செய்யலாம் எனத் துணிதல் இயலாதாயிற்று.

நாட்டு நிலையும் சீராக இல்லை. 1975இல் நியூயார்க் மாநகர ஆட்சி கடன் தீர்க்க வகையின்றி முறிவின் விளிம்பில் நின்றது. 1976இல் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அரசு அனைத்துலகப் பண நிதியத்திடம் கடன் கேட்க நேர்ந்தது. பள்ளியை விட்டு வெளிவந்த இளைஞர்க்குப் பொழுது மிகுதியாகவும் நம்பிக்கை குறைவாகவும் இருந்த காலம் அது.

இவ்விசைக்கு முன்னோடிகளும் உண்டு. 1967இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட வெல்வெட் அண்டர்கிரவுண்டு, 1969இல் வெளியிட்ட ஸ்டூஜஸ், 1973இல் வெளியிட்ட நியூயார்க் டால்ஸ் ஆகிய குழுக்கள் நிலத்தைப் பண்படுத்தி வைத்தன. எனினும் புதியவர் அங்கிருந்து தொடங்குதல் வேண்டுவதில்லை. மரத்தைக் கண்ட பின்னர் வேரைத் தேடுதலே எளிது.

முதற் பாடம்: ரமோன்ஸ்

தொடங்க வேண்டிய இடம் ரமோன்ஸ் குழு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1974இல் இக்குழு தோன்றியது. உறுப்பினர் நால்வரும் உடன்பிறந்தாரல்லர்; ஆயினும் நால்வரும் 'ரமோன்' என்பதையே குடும்பப் பெயராகப் புனைந்துகொண்டனர். 1976 ஏப்ரலில் வெளிவந்த இவர்தம் முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள் உள. அனைத்தையும் கேட்டு முடிக்க அரை மணி நேரமும் ஆகாது. அதனைப் பதிவு செய்ய ஆன செலவு ஏறத்தாழ 6,400 டாலர். அக்காலப் பெருங்குழுக்களின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறு தொகை.

அவ்விசைத்தட்டின் முதற் பாட்டாகிய 'பிளிட்ஸ்கிரீக் பாப்' புதியவர் கேட்க வேண்டிய முதற் பாட்டும் ஆகும். பல சுரங்களை ஒருங்கே மீட்டுவதை மேனாட்டார் 'கார்டு' என்பர். இப்பாட்டு ஒருசில கார்டுகளாலேயே அமைந்தது. கிதார் வாசித்த ஜானி ரமோன் கையை மேலிருந்து கீழாகவே இடைவிடாது அடித்து மீட்டுவார். கீழிருந்து மேலே மீட்டும் மென்மையை ஒழித்துவிட்டார். தனித்திறம் காட்டும் கிதார் ஆலாபனை எங்கும் இல்லை. பாட்டு தொடங்குகிறது, ஓடுகிறது, நின்றுவிடுகிறது. அதன் அளவு 2 நிமிடம் 12 நொடி.

இரண்டாம் முறை கேட்கும்போது செவி வேறொன்றை உணரும். இரைச்சலின் அடியில் 1960களின் பெண்கள் குழுக்கள் பாடியவற்றை ஒத்த இனிய மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். கேட்டு முடித்த பின் வாய் தானே அதனை முணுமுணுக்கும். முணுமுணுக்கக்கூடியதை வெறும் இரைச்சல் என்றல் பொருந்தாது. அதே தட்டிலுள்ள 'ஐ வானா பி யுவர் பாய்ஃபிரண்ட்' என்னும் மெல்லிய காதற்பாட்டும், 1977இல் வந்த 'ஷீனா இஸ் எ பங்க் ராக்கர்' என்பதும் அடுத்துக் கேட்கத் தக்கவை. இக்குழுவுக்கு வாழுங்காலத்திற் பெரும்பொருள் வாய்க்கவில்லை. முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் 5 இலட்சம் படிகளுக்கான தங்கத்தட்டுச் சான்றினை 2014இல்தான் பெற்றது. நால்வருள் எஞ்சியிருந்த டாமி ரமோனும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

நியூயார்க்கின் மற்றைக் குரல்கள்

ரமோன்ஸ் பாடி வளர்ந்த இடம் பவரி தெருவிலிருந்த சி.பி.ஜி.பி. என்னும் சிறு மதுவகம். 'கண்ட்ரி', 'புளூகிராஸ்', 'புளூஸ்' என்னும் இசை வகைகளின் முதலெழுத்துகளைக் கொண்டு 1973இல் அதற்குப் பெயரிட்டார் உரிமையாளர் ஹில்லி கிறிஸ்டல். அவர் எண்ணிய இசை ஒன்று. அங்கு வளர்ந்த இசை வேறொன்று. 2006இல் அவ்வரங்கு மூடப்பட்டபோது கடைசியாகப் பாடியவர் பாட்டி ஸ்மித் என்னும் பெண் கவிஞர்.

பாட்டி ஸ்மித் 1975இல் வெளியிட்ட 'ஹார்ஸஸ்' என்னும் இசைத்தட்டு, கவிதை படித்தலும் பாடுதலும் ஒன்றாகக் கலந்தது. மொழிப் பயிற்சி உடையோர்க்கு இவ்விசையுலகின் வாயிலாக இதுவே அமையக்கூடும். டெலிவிஷன் என்னும் குழு 1977இல் வெளியிட்ட 'மார்க்கீ மூன்' என்னும் பாட்டோ 10 நிமிடத்தையும் கடந்து நீள்வது. அதில் இரண்டு கிதார்கள் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. இம்மூவரும் ஒரே மேடையில் வளர்ந்தவர்கள். ஒருவர் இசை மற்றவர் இசையை ஒத்ததன்று. ஆகவே பங்க் என்பது வேகத்தின் பெயருமன்று, சுருக்கத்தின் பெயருமன்று. தன் வழியே செல்லுந் துணிவின் பெயர் என்பது பெறப்படும்.

இலண்டனில் எழுந்த புயல்

1976 ஜூலை 4ஆம் நாள் ரமோன்ஸ் இலண்டன் ரவுண்டுஹவுஸ் அரங்கிற் பாடினர். ஆங்கில இளைஞரிடையே அதற்கு முன்னரே முளைத்திருந்த ஆர்வத்திற்கு அந்நிகழ்ச்சி நீர் வார்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் டேம்டு என்னும் குழு வெளியிட்ட 'நியூ ரோஸ்' என்பதே பிரிட்டனின் முதற் பங்க் இசைத்தட்டு எனக் கொள்ளப்படுகிறது. அதற்கும் ஒரு திங்கள் முன்னதாக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் செயிண்ட்ஸ் என்னும் குழு '(ஐயாம்) ஸ்டிராண்டட்' என்ற பாட்டைத் தாமே பதித்து வெளியிட்டது. ஒரே காலத்தில் ஒரே எண்ணம் உலகின் இரு மூலைகளில் எழுந்தது வியப்புக்குரியது.

பெயர் பெற்றதும் பழி பெற்றதும் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவே. 1975இல் தோன்றிய இக்குழுவை நடத்தியவர் மால்கம் மெக்லாரன் என்னும் உடைக்கடைக்காரர். 1976 டிசம்பர் 1ஆம் நாள் மாலைத் தொலைக்காட்சி நேர்முகம் ஒன்றில் இக்குழுவினர் கூறத்தகாத சொற்களைக் கூற, மறுநாள் செய்தித்தாள்கள் கொதித்தெழுந்தன. அவர்களுடைய நிகழ்ச்சிகளுட் பல நிறுத்தப்பட்டன. 1977 மே திங்களில், அரசியார் ஆட்சி வெள்ளிவிழா வேளையில் வெளியிட்ட 'காட் சேவ் தி குவீன்' என்னும் அங்கதப் பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது, ஆயினும் விற்பனைப் பட்டியலில் அது 2ஆம் இடத்தை எட்டியது.

இந்த ஆரவாரத்தை ஒதுக்கிவைத்து 'அனார்க்கி இன் தி யூ.கே.' என்னும் பாட்டைக் கேட்டல் வேண்டும். அதன் கிதார் ஒலி அடுக்கடுக்காகத் திட்டமிட்டுப் பதிக்கப்பட்டது. அப்பதிவை மேற்பார்த்த கிரிஸ் தாமஸ், பிங்க் ஃபிளாயிட் குழுவின் புகழ்பெற்ற 1973ஆம் ஆண்டு இசைத்தட்டிலும் பணியாற்றியவர். பாடகர் ஜானி ராட்டனோ அக்குழுவை வெறுப்பதாக எழுதிய சட்டையை அணிந்து திரிந்தவர். பகையெனப் பறைசாற்றிய இடத்திலும் தொழில்நுட்பம் பழைய ஆசானிடமிருந்தே வந்தது.

ஒரு சொல்லும் ஒரு வழக்கும்

மொழியாசிரியர்க்குச் சுவையான நிகழ்ச்சி ஒன்றும் இக்குழுவின் வரலாற்றில் உண்டு. 1977 அக்டோபரில் வெளிவந்த இவர்தம் முதல் முழு இசைத்தட்டின் பெயரில், ஆங்கிலேயர் அவையில் வழங்காத கொச்சைச் சொல் ஒன்று இடம்பெற்றது. நாட்டிங்காம் நகரக் கடையொன்றின் சன்னலில் அவ்வட்டையை வைத்ததற்காக, ஆபாச விளம்பரங்களைத் தடுக்கும் 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. எதிர்வழக்காடியவர் எழுத்தாளருமாகிய ஜான் மார்ட்டிமர். அவர் தம் சான்றாளராக நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியரை அழைத்தார். அச்சொல் மிகப் பழைய ஆங்கிலச் சொல் என்றும், ஊர்ப்பெயர்களிலும் வழங்கியது என்றும், ஒரு காலத்திற் சமயகுருமாரைக் குறிக்கும் பட்டப்பெயராகவும் இருந்தது என்றும் பேராசிரியர் விளக்கினார். நீதிமன்றத்தார் மனமின்றி வழக்கைத் தள்ளுபடி செய்தனர். தெருச்சொல்லுக்கும் வரலாறு உண்டு என்பதை நீதிமன்றமே கேட்டறிய நேர்ந்தது.

இவ்விடத்து மொழி பற்றிய மற்றொன்றும் கருதத்தக்கது. அதுவரை ராக் பாடிய ஆங்கிலேயருட் பலர் அமெரிக்க ஒலிப்பையே பின்பற்றிப் பாடினர். பங்க் பாடகரோ தத்தம் ஊர்ப் பேச்சொலியிலேயே பாடினர். இலண்டன் ஒலிப்பும் மான்செஸ்டர் ஒலிப்பும் இசைத்தட்டில் நாணமின்றி ஏறின.

மான்செஸ்டர் காட்டிய வழி

1976 ஜூன் 4ஆம் நாள் மான்செஸ்டர் நகரின் ஒரு சிறு மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடினர். வந்திருந்தோர் மிகச் சிலரே. ஆனால் அச்சிலருட் பலர் 'இதனை நாமும் செய்யலாம்' என்னும் எண்ணத்தோடு வீடு திரும்பினர். பின்னர் ஜாய் டிவிஷன் குழுவை அமைத்தோரும் அவர்களுள் அடங்குவர்.

அந்நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ஹோவார்டு டிவோட்டோ, பீட் ஷெல்லி என்னும் இருவரும் பஸ்காக்ஸ் குழுவைத் தொடங்கினர். ஏறத்தாழ 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்னும் நான்கு பாட்டு இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1,000 படிகள். அவை விற்றுத் தீர்ந்து மேலும் பல்லாயிரம் விற்றன. பெருநிறுவனத்தின் வாயிலிற் காத்திராமல் இசைத்தட்டு வெளியிடலாம் என்பதை இது மெய்ப்பித்தது. அதிலுள்ள 'போர்டம்' என்னும் பாட்டில் கிதார் ஆலாபனை வரவேண்டிய இடத்தில் இரண்டே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. சலிப்பைப் பற்றிய பாட்டில் சலிப்பையே இசையாக்கிய நகைத்திறம் அது. இக்குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாட்டாகிய 'எவர் ஃபாலன் இன் லவ்' காதல் துயரைப் பாடுவது. சினம் மட்டுமே பங்க் பாட்டின் பொருள் என்பார்க்கு அது நல்ல மறுப்பு.

இதே காலத்தில் தட்டச்சிலும் கையெழுத்திலும் ஆக்கிய சிற்றிதழ்கள் பல தோன்றின. அவற்றுள் ஒன்று மூன்று கார்டுகளின் படத்தை வரைந்து காட்டி, இனிக் குழுவைத் தொடங்குக என்று படிப்பவரை ஏவியது. இவ்விசையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு படத்தில் அடங்கிவிட்டது எனலாம்.

கிளாஷ்: செவி திறந்த குழு

பிறரைக் கேட்கும் செவியும் தனக்கு உண்டு என்று காட்டிய குழு கிளாஷ். இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் மிகுதியாக வாழ்ந்தனர். 1976 ஆகஸ்டில் அங்கு நடந்த திருவிழாவிற் காவலர்க்கும் கறுப்பின இளைஞர்க்கும் மோதல் மூண்டது. கிளாஷ் குழுவின் ஜோ ஸ்டிரம்மரும் பால் சிமனனும் அதனை நேரிற் கண்டனர். அதன் விளைவாக எழுந்ததே 1977இல் வெளிவந்த 'ஒயிட் ரயட்'. தலைப்பை மட்டும் கண்டோர் அதனை இனவெறிப் பாட்டென மயங்கினர். கறுப்பின மக்கள் காட்டிய துணிவு வெள்ளை இளைஞர்க்கு இல்லையே என்பதுதான் அதன் கருத்து.

இக்குழு ஜமைக்கா நாட்டின் ரெகே இசையை விரும்பிக் கற்றது. ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' என்னும் ரெகே பாட்டைத் தம் முதல் இசைத்தட்டிலேயே தம் முறையிற் பாடினர். 1978இல் வந்த '(ஒயிட் மேன்) இன் ஹேமர்ஸ்மித் பாலே' பங்கும் ரெகேயும் கைகோத்த பாட்டு. ரெகே நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்று மீண்ட வெள்ளை இளைஞனின் ஏமாற்றமும், தன் தோழர் மீதே அவனுக்குள்ள ஐயமும், நாட்டிற் பரவிவந்த கொடுங்கோன்மை மயக்கம் பற்றிய அச்சமும் அதில் ஒருங்கே அமைந்துள. ஒரே ஒரு கிளாஷ் பாட்டைத்தான் கேட்க முடியும் என்பார்க்கு இதனையே பரிந்துரைக்கலாம். நேரம் உடையோர் 1979 டிசம்பரில் வெளிவந்த 'லண்டன் காலிங்' என்னும் இரட்டை இசைத்தட்டை முழுமையாகக் கேட்டல் வேண்டும். அதன் 19 பாட்டுகளில் ராக்கபிலி, ரெகே, ஜாஸ் முதலிய பல நீரோடைகள் வந்து கலக்கின்றன.

கறையும் கழுவாயும்

இவ்விசையின் வரலாற்றில் மறைக்கத்தகாத கறை ஒன்று உண்டு. மூத்தோரை அதிர்ச்சியுறச் செய்யும் பொருட்டு, தொடக்க நாளில் சிலர் நாஜிகளின் சுவஸ்திகச் சின்னத்தை அணிந்தனர். கொள்கையால் அணியவில்லை, குறும்பால் அணிந்தோம் என்றனர். ஆனால் 'நேஷனல் ஃபிரண்ட்' என்னும் இனவெறிக் கட்சி தெருக்களில் வலுப்பெற்ற காலம் அது. குறும்புக்கும் கொள்கைக்கும் இடையிலுள்ள கோடு அடிபடுவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தடையற்ற குரல் என்பது பொறுப்பற்ற குரலாகவும் ஆகலாம் என்பதை இது காட்டிற்று.

மறுமொழியும் இசையுலகிலிருந்தே வந்தது. 1976 ஆகஸ்டில் எரிக் கிளாப்டன் என்னும் புகழ்பெற்ற கிதார் கலைஞர் பர்மிங்காம் மேடையில் குடியேறியோரைப் பழித்துப் பேசினார். அதனைக் கண்டித்து இசை வார இதழ்களுக்குச் சிலர் எழுதிய கடிதத்திலிருந்து 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்', அஃதாவது இனவெறிக்கு எதிரான ராக், என்னும் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் நாள் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பல்லாயிரவர் அணிவகுத்து இலண்டன் விக்டோரியா பூங்காவை அடைந்தனர். அங்குக் கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியவற்றோடு கறுப்பினத்தாரின் ரெகே குழுவாகிய ஸ்டீல் பல்சும் ஒரே மேடையிற் பாடியது. பங்க் இசையைப் புதிதாகக் கேட்பவர் அதன் சினத்தை மட்டுமன்றி அச்சினம் யார்மேல் பாய்ந்தது என்பதையும் கேட்டல் வேண்டும். வலியோரை நோக்கிய சினம் ஒன்று. மெலியோரை நோக்கிய சினம் மற்றொன்று. ஓசை ஒன்றாயிருப்பினும் இவை இரண்டும் ஒன்றல்ல.

பெண் குரல்

அப்பூங்காவிற் பாடிய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் தலைவி பாலி ஸ்டைரீன். தந்தை சோமாலியர், தாய் வெள்ளையர். தம் 19ஆம் பிறந்த நாளன்று ஹேஸ்டிங்ஸ் நகரக் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடியதைக் கேட்டுத் தாமும் ஒரு குழுவைத் தொடங்கினார். அழகுக்கலை விளம்பரங்கள் வகுத்த பெண்ணின் கோலத்தை அவர் ஏற்கவில்லை; பற்களில் கட்டிய கம்பியோடு மேடையேறினார். 1977இல் வெளிவந்த 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்' என்னும் பாட்டு, பெண் அடங்கியிருத்தல் வேண்டும் என்னும் பழங்கொள்கையை மென்குரலில் எள்ளித் தொடங்கி, அடுத்த நொடியே பெருங்குரலாக வெடிக்கின்றது. பங்கில் அரிதாகிய சாக்சபோன் என்னும் ஊதுகருவி அதனோடு இழைகின்றது. 1978இல் வந்த 'ஜெர்ம்ஃபிரீ அடலெசண்ட்ஸ்' என்னும் முழு இசைத்தட்டு, நெகிழிப் பொருளும் விளம்பரமும் சூழ்ந்த நுகர்வு வாழ்வை நகையாடுவது. இன்று கேட்பினும் அது பழையதாகத் தோன்றாது. ஸ்லிட்ஸ் என்னும் பெண்கள் குழு 1979இல் வெளியிட்ட 'கட்' என்னும் இசைத்தட்டும் இதனோடு வைத்துக் கேட்கத்தக்கது.

வட அயர்லாந்தின் இரு நகரங்கள்

வட அயர்லாந்தில் குண்டுவெடிப்பும் படையினரின் சோதனையும் அன்றாட நிகழ்ச்சியாக இருந்த காலத்தில், பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவும், டெர்ரி நகரிலிருந்து அண்டர்டோன்ஸ் குழுவும் எழுந்தன. முன்னது 1978இல் 'சஸ்பெக்ட் டிவைஸ்' என்னும் பாட்டில் அப்போர்ச்சூழலையே பாடிற்று. பின்னது அதே ஆண்டில் 'டீனேஜ் கிக்ஸ்' என்னும் பாட்டில் ஒரு பெண்மேற் கொண்ட இளங்காதலை மட்டுமே பாடிற்று. பி.பி.சி. வானொலியின் ஜான் பீல் அதனைக் கேட்டு உருகி, ஒரே நிகழ்ச்சியில் இருமுறை அடுத்தடுத்து ஒலிபரப்பினார். போரைப் பற்றிப் பேசியதும் துணிவு. போரின் நடுவே காதலைப் பேச உரிமை கொண்டதும் துணிவே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பார்க்கு இது விளங்கும்.

அமெரிக்காவின் இரண்டாம் அலை

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'ஹார்டுகோர்' என்னும் இன்னும் விரைவான பங்க் இசை தோன்றிற்று. வாஷிங்டன் நகரின் பேட் பிரெய்ன்ஸ் குழுவினர் கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் இசையிற் பழகிய கைகள் ஆதலின் அவர்தம் வேகத்தில் துல்லியம் உண்டு. அரங்குகள் தமக்கு இடம் மறுத்ததைப் பொருளாகக் கொண்ட 'பேண்டு இன் டி.சி.' அவர்தம் 1982ஆம் ஆண்டு வெளியீட்டில் உள்ளது. அவர்களைக் கண்டு ஊக்கம் பெற்ற அந்நகர இளைஞர் மைனர் திரெட் குழுவை அமைத்தனர். 1981இல் வந்த அவர்களுடைய 'ஸ்டிரெயிட் எட்ஜ்' 46 நொடிகளே ஓடும். மதுவும் போதைப்பொருளும் தமக்கு வேண்டா என்பதே அதன் பொருள். ஒழுக்கக் கேட்டின் மறுபெயராகக் கருதப்பட்ட இசையிலிருந்தே மதுவிலக்கு இயக்கம் ஒன்று பிறந்து பல நாடுகளிற் பரவியது நினைவிற் கொள்ளத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவின் டெட் கென்னடீஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட 'ஹாலிடே இன் கம்போடியா', வசதியில் வளர்ந்த மாணவரின் போலி இரக்கத்தைக் கடுமையாக அங்கதம் செய்வது. இவ்வலையின் வேகம் புதியவர்க்குக் கடுமையாயிருக்கும். ஆதலின் இதனை இறுதியில் வைத்தலே முறை.

கேட்கும் முறை

முதல் நாளுக்கு 10 பாட்டுகள் போதும். 'பிளிட்ஸ்கிரீக் பாப்', 'நியூ ரோஸ்', 'அனார்க்கி இன் தி யூ.கே.', 'போர்டம்', '(ஒயிட் மேன்) இன் ஹேமர்ஸ்மித் பாலே', 'ஓ பாண்டேஜ் அப் யுவர்ஸ்', 'சஸ்பெக்ட் டிவைஸ்', 'டீனேஜ் கிக்ஸ்', 'பேண்டு இன் டி.சி.', 'ஸ்டிரெயிட் எட்ஜ்' என்னும் வரிசையில் கேட்டால் அரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் முறை சொற்களைத் தேடாமல் தாளத்தோடு செல்லுதல் நன்று. இரண்டாம் முறை பாட்டின் சொற்களை எழுத்திற் பார்த்துக்கொண்டே கேட்டல் வேண்டும். விரைந்த ஆங்கிலப் பேச்சொலி பிறநாட்டார்க்கு எளிதிற் பிடிபடாது. மூன்றாம் முறை, உள்ளம் எதன்பாற் சென்றதோ அக்குழுவின் முழு இசைத்தட்டை முதலிலிருந்து முடிவு வரை கேட்கலாம். பத்தும் பிடித்தல் வேண்டும் என்பதில்லை. இரண்டு பிடிப்பினும் வழி திறந்தது எனக் கொள்ளலாம்.

இவ்வழி எங்குச் சென்று சேரும் என்பதற்கு ஒரு சான்று காட்டி முடிக்கலாம். கிளாஷ் குழு 1982இல் 'ஸ்டிரெயிட் டு ஹெல்' என்னும் பாட்டை வெளியிட்டது. ஆலை மூடிய ஊரின் ஏழைகள், மொழி தெரியாத நாட்டில் ஒதுக்கப்பட்ட குடியேறிகள், வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர் விட்டுச்சென்ற குழந்தைகள் ஆகியோரின் நிலையை அது பாடிற்று. அப்பாட்டு வெளிவந்தபோது இலங்கையில் ஒரு தமிழ்ச் சிறுமி வளர்ந்துகொண்டிருந்தாள். இலண்டனிற் பிறந்து குழந்தையாகவே இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அச்சிறுமி, போர் மூண்டபின் தாயோடு ஏதிலியாக மீண்டும் இலண்டன் வந்து சேர்ந்தாள். மாதங்கி அருள்பிரகாசம் என்னும் அவர், எம்.ஐ.ஏ. என்ற பெயரிற் பாடகியானார். தாயின் பெயரால் 'கலா' எனப் பெயரிட்டு 2007இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாட்டு உளது. குடியேறிகளைக் கண்டு அஞ்சுவோரை எள்ளும் அப்பாட்டுக்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டது கிளாஷ் குழுவின் அதே 'ஸ்டிரெயிட் டு ஹெல்' இசையே. 2008இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 4ஆம் இடம் வரை உயர்ந்தது.

குடியேறிகளைப் பற்றி ஒருவர் பாடிய இசையின்மேல் கால் நூற்றாண்டு கழித்துக் குடியேறியவரே ஏறி நின்று தம் குரலில் பாடினார். பிறர் தமக்காகப் பேசட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மூன்று கார்டுகளின் படத்தை வரைந்து காட்டிய சிற்றிதழ் சொல்லியதும் அதுவே.